குளியலறை வாசலில் பீம்ராவ்

அத்தியாயம் 14

போன வாரம் படிக்காமல் விட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில், முதல் மாடியில், பீம்ராவ் இருக்கிறார். துறைமுகத்தில் சிக்னல்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். கப்பல் மேல்தட்டில் நின்றுகொண்டு, தூக்கு, இறக்கு, நில் என்று கிரேன்காரருக்குக் கையாலேயே சொல்லுகிற வேலை. இப்போது அவருக்கு மறதி நோய். மனைவி குப்பம்மா இறந்துபோனது சில நாள் ஞாபகம் இருக்கும், சில நாள் இருக்காது.

மூத்தவள் கார்குழலி ரேஷன் கடையில் பில் போடுகிறாள். புருஷனோடு ஒத்துவராமல் திரும்பி வந்தவள், வந்த நாளிலிருந்து அப்பாவோடு இருக்கிறாள். இளையவன் வல்லரசு எண்ணூரில் கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். மனைவி மதியோடு விம்கோ நகரில் குடியிருக்கிறான்.

போன வாரம் மாமனாரைப் பார்க்க வந்த மதி, கை கழுவலாமென்று குளியலறைக்குள் ஒரு காலை வைத்தாள். பின்னாலிருந்து பீம்ராவ் அவளுடைய தோளையும் புடவைத் தலைப்பையும் சேர்த்துப் பிடித்து இழுத்தார். மல்லாந்து விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டுப்போய், மாவுக்கட்டு. அன்றைக்கே அக்காளும் தம்பியும் முடிவெடுத்துவிட்டார்கள். வேட்டியிலேயே போவதோடு, ஆளை அடிக்கிற அளவுக்கும் வந்துவிட்டால் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது. புழல் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்துவிட்டது. இன்று சாயங்காலம் அவர்களுடைய வண்டி வருகிறது.

அந்த நாள் எப்படி விடிந்தது என்றால், வழக்கம்போலத்தான் விடிந்தது.

கார்குழலி வாசல் கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுப்பவள். அப்பா ராத்திரியில் எழுந்து டூட்டிக்குக் கிளம்பிவிடக் கூடாதே. தூக்கம் என்று பேர்தானே தவிர, ஒரு காது எப்போதும் முழித்துக்கொண்டே இருக்கும். காலையில் கண்ணைத் திறந்தவள், இன்றைக்காவது அழுகை வருமா என்று பார்த்தாள். மரத்துப்போன காலைத் தட்டித் தட்டிப் பார்ப்போமே, அந்த மாதிரி, 'இன்னிக்கு நைனா போறாரு' என்று இரண்டு மூன்று முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. எழுந்து பாயைச் சுருட்டிவிட்டுப் பால் காய்ச்சினாள்.

"நாஸ்தா துன்றியா நைனா?"

பீம்ராவ் இட்லியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். வெளி மனுஷியிடம் பேசுகிற மரியாதை அவருடைய குரலில் இருந்தது.

"நீ துன்னியாம்மா?"

"அப்பாலிக்கா துன்றேன்."

"வேலைக்குப் போவல?"

"இன்னிக்கு லீவு."

"லீவு போட்டா திட்டப் போறாங்க." அவருக்கு உண்மையாகவே கவலை. யாரோ ஒரு பெண் தன்னால் வேலையை விட்டுவிட்டு நிற்கிறாளே என்று.

பாதி இட்லியில் எழுந்துவிட்டார். கார்குழலிக்குத் தெரியும், எதற்கு என்று. வேட்டியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நேராகக் குளியலறை வாசலுக்குப் போனார். போய் நின்றார். உள்ளே போகவில்லை. படிக்கு ஒரு அடி முன்னால், கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார்.

"போ நைனா. உள்ள போ. அதான் பாத்ரூம்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் வேட்டி நனைந்து, தரையில் வழிந்தது. அதைக் குனிந்து பார்த்தவர், வேறு யாரோ செய்துவிட்டுப் போன காரியம்போல் முகத்தைச் சுளித்தார்.

"கலீஜ் பண்ணி வச்சிக்கிறாங்க பாரு."

"நான் தொடச்சிக்கிறேன். நீ வா."

முன்பெல்லாம் இப்படிச் செய்யும்போது அவளுக்குக் கோபம் வரும், அப்புறம் கோபப்பட்டதற்கு அழுகை வரும். இப்போது இரண்டும் வருவதில்லை. பினாயில், துணி, வாளி. கை தானாகப் போய் எடுத்துக்கொள்கிறது.

இந்த வீட்டை அவருக்காக மாற்றிய கதையையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னதைக் கார்குழலி பரீட்சைக்குப் படிப்பதுபோல் ஒன்றுவிடாமல் செய்தாள். பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பைச் சுருட்டி மச்சில் போட்டாள், அதிலிருந்த பூவை எல்லாம் அவர் குனிந்து குனிந்து பொறுக்கப் பார்த்ததால். பீரோ கண்ணாடியில் பேப்பர் ஒட்டினாள், அதிலே தெரிகிற கிழவன் தன் வேட்டியைத் திருடிக் கட்டியிருக்கிறான் என்று சண்டை பிடித்ததால். சமையல் முடிந்ததும் சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றி ஒளித்துவைத்தாள். குளியலறைக் கதவுக்கு நீல பெயின்ட், உள்தாழ்ப்பாள் நீக்கம், கதவு மேலே கக்கூஸ் படம். புத்தர் படத்துக்குப் பக்கத்தில் ராத்திரி முழுக்க எரிகிற ஒரு பல்பு.

தம்பியும் சும்மா இருந்துவிடவில்லை. சுவரில் பிடித்துக்கொள்ள ஸ்டீல் கைப்பிடி அடித்துக் கொடுத்தான். குளியலறை வாசலில் நான்கு விரல் உயரத்துக்கு ஒரு படி. அது கண்ணுக்குத் தெரியாமல் தடுக்கி விழுவார்கள், அழுத்தமான கலரில் ஒரு பட்டை ஒட்டுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். யார்டிலிருந்து ஒரு சுருள் டேப் எடுத்துவந்து, முட்டி போட்டு உட்கார்ந்து, படியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சுருக்கமில்லாமல் ஒட்டினான். மஞ்சளும் கறுப்பும் சாய்வாக வரிவரியாக வருமே, அந்த டேப்.

"வூட்ட மாத்த மாத்த அவரும் மோசமாகிகினே போறாரு" என்று கார்குழலி ஒருநாள் சொன்னாள். வியாதி அப்படித்தான் போகும் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டாள்.

மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டி வல்லரசு வந்தான். கையில் புது பனியன், புது லுங்கி, ஒரு பெரிய பை.

"இன்னாக்கா, சாப்ட்டாரா?"

"சாப்ட்டாரு. குந்திகினு கீறாரு பாரு."

பீம்ராவ் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, மூடிய ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொடுங்கையூர் பக்கமிருந்து புகை வருகிற நாட்களில் ஜன்னலைத் திறக்க முடியாது. மகனைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்ததோ இல்லையோ, எழுந்து நின்றார். சூப்பர்வைசர் சட்டைக்கு எழுந்த மரியாதை அது. வல்லரசு அவரைத் தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, அவசரமாக உள்ளே வந்துவிட்டான்.

அக்காளும் தம்பியும் பையை அடுக்க உட்கார்ந்தார்கள். வேட்டி, துண்டு, மாத்திரை டப்பா, தலைக்கு வைக்கிற எண்ணெய். எதை எடுத்தாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"அவருகிட்ட இன்னான்னு சொல்லப்போற?" வல்லரசு கேட்டான்.

"செக்கப்புன்னு சொல்றேன்."

"அப்பறம்?"

"அப்பறம் மறந்துடுவாரு."

அவன் பனியனை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். "நீ அழவே மாட்டேன்றியேக்கா. எனுக்கு பயமாகீது."

"வந்தா அழமாட்டனா. வரல."

மதியின் போன் வந்தது. வல்லரசு ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணி, மாமாவுக்கு அந்தப் பச்சை போர்வைய வச்சி அனுப்புங்க. அது இல்லாட்டி தூங்க மாட்டாரு."

"வச்சிட்டேன்."

"என் கையாலதான் இதெல்லாம்னு நீங்க நினைக்கிறீங்களா அண்ணி?"

"இல்ல மதி. கை இன்னா பண்ணும்."

"அடிக்கிற மனுஷனே இல்ல அவரு. அதான் மனசு ஆறவே மாட்டேன்னுது."

கார்குழலி போர்வையைப் பைக்குள் இன்னும் கொஞ்சம் அழுத்திவைத்தாள். அப்பா கையை ஓங்காத மனுஷர் என்பது இந்தப் பிளாக்கு முழுக்கத் தெரியும். அப்படிப்பட்டவரையே இந்த வியாதி இப்படி ஆக்கிவிட்டது என்றுதான் பிளாக்கு முழுக்கப் பேசிக்கொண்டது.

"குளிப்பாட்டி அனுப்பிடலாம்டா," என்று எழுந்தாள். "அழுக்கா போய் எறங்க வாணாம். வேட்டிய அவுக்க நீயும் வா."

கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். பீம்ராவ் நன்றாகத்தான் நடந்து வந்தார். குளியலறை வாசல் வந்ததும், பிரேக் போட்டதுபோல் நின்றுவிட்டார்.

"வா நைனா. சுடுதண்ணி போட்டு வச்சிருக்கேன்."

அவர் நகரவில்லை. சரி, நாம் முன்னால் போனால் பின்னால் வருவார் என்று கார்குழலி படியைத் தாண்டி உள்ளே காலை வைத்தாள். வைத்ததுதான் தெரியும். அவளுடைய மேல்கையில் ஒரு பிடி விழுந்தது. அந்த வயசில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, ஒரே இழுப்பில் அவளை வெளியே கொண்டுவந்து சுவரோரமாகத் தள்ளினார்.

"சைடு," என்று கத்தினார். "சைடு வா. சைடு வா."

வல்லரசு ஓடிவந்து இடையில் புகுந்தான். "நைனா, வுடு. அக்காவ வுடு."

பீம்ராவ் அவனைப் பார்க்கவே இல்லை. ஒரு கையால் மகளைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, குளியலறைக்கு மேலே கூரையை அண்ணாந்து பார்த்தார். இன்னொரு கையைத் தலைக்கு மேல் நேராக உயர்த்தி, முஷ்டியை மூடினார். அப்படியே நின்றார். கை கொஞ்சமும் ஆடவில்லை. சோற்றை வாய்க்குக் கொண்டுபோகும்போது வழியெல்லாம் சிந்துகிற கை அது.

வல்லரசு அந்த முஷ்டியைப் பார்த்தான். அவன் யார்டில் தினமும் பார்க்கிற சைகை. தூக்காதே, இறக்காதே, அப்படியே வை. அவன் பார்வை கையிலிருந்து கூரைக்குப் போனது. கூரையில் ஒன்றுமில்லை. அங்கிருந்து தரைக்கு வந்தது. படியில், தானே சுருக்கமில்லாமல் ஒட்டிய மஞ்சள் கறுப்புப் பட்டை.

"அக்கா," என்றான். "இவரு உன்ன அடிக்கல."

"இன்னாடா சொல்ற?"

"அந்த டேப்பப் பாரு. லோடு தொங்கும்போது சுத்தி அதத்தான் கட்டுவோம். அந்தக் கோட்டத் தாண்டி எவனும் உள்ள வரக்கூடாது. மேலேர்ந்து வுழுந்தா ஆளே இருக்கமாட்டான். தெரியாம எவனாவது கால வச்சான்னா, சட்டையப் புடிச்சி இஸ்து வெளிய போடுவோம். நானே எத்தினி பேர இஸ்துருக்கேன்."

கார்குழலி சுவரோடு ஒட்டிக்கொண்டே நின்றாள். அப்பாவின் கை இன்னும் அவள் மேல்தான் இருந்தது. அடிக்கிற கை என்று நினைத்தது. அது அவளைக் காவல் காத்துக்கொண்டிருந்தது.

"அப்ப மதி?"

"மதியயும்தான்." வல்லரசு தரையில் உட்கார்ந்துவிட்டான். "கோடு போட்டு வச்சவன் நானு. தாண்டாம நின்னவர கிறுக்குன்னு சொன்னவனும் நானு. தெனமும் அதே கோட்டுக்கு இந்தாண்டதான்க்கா நானும் நிக்கிறேன். எனுக்குத் தெரியலியே."

டேப் ஒட்டிய நாளை நினைத்துப் பார்த்தார்கள். அதற்கு முன்னால் அவர் தடுக்கியாவது உள்ளே போய்வந்துகொண்டுதான் இருந்தார். வாசலில் நின்றபடி வேட்டியை நனைத்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். அப்புறம் அவரைக் கூடத்திலேயே ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அவர் தூங்குகிற நேரத்தில்தான் கார்குழலி குளியலறைக்குப் போய்வந்தாள், அதனால் அவளை இழுக்க வேளை வரவில்லை. அந்த மனுஷர் அடக்கிக்கொண்டு, தொங்குகிற லோடு இறங்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றிருக்கிறார். அது இறங்கவே இல்லை. அதற்குப் போய் டயபர் வாங்கி வைத்தோமே என்று கார்குழலி நினைத்தாள். நினைத்தாளே தவிர, உள்ளே ஒன்றும் அசையவில்லை.

வல்லரசு நகத்தாலேயே டேப்பைக் கிளப்ப ஆரம்பித்தான். நல்ல டேப், சுலபத்தில் வருமா. கத்தியைக் கொண்டுவந்து சுரண்டினான். துண்டு துண்டாகக் கிழிந்து கையெல்லாம் பிசுபிசுத்தது. கடைசித் துண்டையும் எடுத்து, சுருட்டி, ஜன்னலைத் திறந்து வெளியே எறிந்தான். படியில் பழைய சிமென்ட் நிறம் மட்டும் மிச்சமிருந்தது.

பீம்ராவ் பார்த்துக்கொண்டே இருந்தார். உயர்த்திய கையை மெல்ல இறக்கினார். மகளை விட்டார். அவர்பாட்டுக்கு நடந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படி ஏறி உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

வல்லரசுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. போனை எடுத்து மதிக்கு அடித்தான்.

"மதி, அவரு உன்னத் தள்ளலடி. காப்பாத்தினாரு."

டேப் கதை முழுவதையும் சொன்னான். அப்புறம் மதி மெதுவாகச் சொன்னாள்: "ஊரெல்லாம் மாமா அடிச்சிட்டாருன்னு சொல்லிகினு இருந்தேனே நான்."

போனை வைத்துவிட்டு வல்லரசு கண்ணைத் துடைத்துக்கொண்டான். புழல் இல்லத்தின் நம்பரைத் தேட ஆரம்பித்தான்.

"வண்டி கெளம்பிருக்கும். வாணாம்னு சொல்லிடறேன். வந்து திரும்பிப் போறது இன்னாத்துக்கு."

இந்த இடத்தில் கார்குழலிக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அதுதானே நியாயம். அப்பா அடிக்கவில்லை, வேட்டியிலேயே போகிற கட்டமும் வந்துவிடவில்லை, அனுப்புவதற்குச் சொல்லிக்கொண்ட காரணம் இரண்டும் ஒரு டேப்போடு கிழிந்து ஜன்னல் வழியாகப் போய்விட்டன. ஆனால் அவள் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது சந்தோஷமில்லை, ஏமாற்றம். இன்றைக்கு ராத்திரி உள்ளறையில், கதவைச் சாத்திக்கொண்டு, ஒருவரும் எழுப்பாமல் தூங்கப் போகிறோம் என்று அவள் வாரம் முழுக்க எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். அது அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது. தன்னை நினைத்து அருவருப்புக்கூட வரவில்லை, அவ்வளவு களைப்பு.

"போன் பண்ணாத," என்றாள்.

"ஏன்?"

"வரட்டும்."

வல்லரசு தலையைத் தூக்கிப் பார்த்தான். "இன்னாக்கா பேசற. அதான் காரணம் தெரிஞ்சிபோச்சே. அவரு நல்லாத்தான் கீறாரு."

"அவரு நல்லா கீறாரு. டேப்ப பாத்தியே, என்னப் பாத்தியா நீ?"

அவன் பார்த்தான். கதவுக்குக் குறுக்கே படுத்துப் படுத்து ஒரு பக்கம் சாய்ந்தே போன தோள், பினாயிலில் வெடித்த விரல்கள், சீப்புப் படாத தலை. அக்காளை அவன் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

"நான் வந்து இங்க தங்கிக்கிறேன்," என்றான்.

"மதி கட்டுப் போட்ட கையோட இன்னா பண்ணுவா? உனுக்கு நைட் ஷிப்டு வந்தா?"

"பாத்துக்கலாம்."

"எத்தினி நாளிக்கு?"

பதில் இருந்திருந்தால் அவன் போன வருஷமே சொல்லியிருப்பான். கார்குழலிக்கு அவன் மேல் கோபமும் இல்லை. கூடப் பிறந்த தம்பி, முடிந்ததைச் செய்கிறவன், முடிந்தது அவ்வளவுதான்.

"அப்ப இந்த டேப்ப நான் ஏன் பிச்சேன்," என்றான் சிறு பிள்ளை மாதிரி. "தெரியாமலே அனுப்பிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்."

"எனுக்கும்."

போன் அடித்தது. இல்லத்து டிரைவர். மூலக்கடை தாண்டிவிட்டதாகவும், போர்டு வீட்டில் எந்தப் பிளாக்கு என்றும் கேட்டார். வல்லரசு போனைக் காதில் வைத்துக்கொண்டு அக்காளைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பவும் இல்லை, தலையை ஆட்டவும் இல்லை. அவன் பிளாக்கு நம்பரைச் சொன்னான். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

குளியலறைக் கதவு திறந்தது. பீம்ராவ் தானே குளித்து, தானே துவட்டி, வேட்டியைச் சரியாகக் கட்டிக்கொண்டு வந்தார். முகத்தில் ஒரு தெளிவு. கூடத்துக்கு வந்தவர், நடுவில் இருந்த பையைப் பார்த்தார். சுற்றி வந்து இன்னொரு முறை பார்த்தார்.

கீழே வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது.

"யாரும்மா ஊருக்குப் போறது?" என்று கேட்டார்.

செக்கப் என்று சொல்ல வைத்திருந்த வார்த்தை கார்குழலியின் வாயில் வரவில்லை.

"நான்தான் நைனா."

"தனியாவா?"

"ஆமா."

அவர் யோசித்தார். அவளுடைய முகத்தை நன்றாக உற்றுப் பார்த்தார். பிறகு அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, தலையை ஆட்டினார்.

"ரொம்ப டயர்டா கீற. போய்ட்டு நல்லா தூங்கு. ஒண்ணும் கவலைப்படாத, வூட்ட நான் பாத்துக்கிறேன்."